இடைநடுவில் வந்து காத்தவர்



பேஸ்போல் ஆட்டத்தில் முதலிற் பந்தெறிபவர் களைப்புற்றாலோ தடுமாறினாலோ, இடைநடுவில் மாற்று எறிவாளர் ஒருவர் அழைக்கப்படுவார். எதிரணியினர் சிலர் ஏற்கனவே தளங்களில் நின்று ஓட்டத்துக்குக் காத்திருப்பர். பிறர் விட்டுச்சென்ற இக்கட்டை அவர் தீர்த்தல் வேண்டும்.

இப்பணியையே வாழ்வாகக் கொண்டவர் மெக்சிக்கோவின் சினலோவா மாநிலத்தில் 1977 இற் பிறந்த டெனிஸ் றேயஸ். 1997 இல், தமது இருபதாவது வயதில், லொஸ் ஏஞ்சலிஸ் அணி வாயிலாக அமெரிக்காவின் முதற்றரப் போட்டிகளிற் புகுந்தார். 2011 இல் பொஸ்ரன் அணியோடு அப்பயணம் முடிந்தபோது அவர் ஆடிய அணிகள் பதினொன்று. 2002, 2003 ஆகிய ஈராண்டுகளில் மாத்திரம் நான்கு அணிகள்!

ஓரிடத்திலும் நிலைக்காதவர் திறமை குன்றியவர் என நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். றேயஸோ இடக்கை எறிவாளர். இடக்கையால் அடிப்போர்க்கு இடக்கை எறிவாளரின் பந்து பெரிதும் சிரமந் தருவது. ஆகவே, ஓரணி விடுவித்தவரை மற்றோரணி நாடியது.

2005 இல் ஆண்டு நடுவிலேயே சன் டியேகோ அணி அவரை விலக்கியது. அடுத்த ஆண்டு, கீழ்நிலை அணிக்கான ஒப்பந்தத்தோடு மினசோட்டா சென்றார். விரைவில் மேலணிக்கு அழைக்கப்பட்டார். 66 ஆட்டங்களில் எறிந்து, ஒன்பது சுற்றுகளுக்குச் சராசரி 0.89 ஓட்டமே கொடுத்தார். எவரும் வியக்கத்தக்க சாதனை அது!

ஒருவர் எத்தனை இடம் மாறினார் என்பதன்று, அழைத்தவேளை என்ன செய்தார் என்பதே அவரை அளக்குங் கோல்.