நட்டஈடு வர எத்தனை நாள் ஆகும்?



பிரிஞ்சாங்கிலிருந்து ரிங்லெட் வரை எந்தத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்றாலும், காயமுற்றவரின் குடும்பத்தார் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "நட்டஈடு எப்போது ஐயா வரும்?" இதற்கு ஒரே விடை இல்லை. காயம் ஆறும் காலம் ஒன்று. காகிதம் நகரும் காலம் மற்றொன்று. முன்னதை விரைவுபடுத்த இயலாது. பின்னதில் வீணாகும் நாள்களைக் குறைக்கலாம்.

1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளிக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியவர் முதலாளியாகவே இருந்தார். 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர் அப்பொறுப்பைச் சொக்சோ ஏற்றது. 1971இல் பணி தொடங்கிய அதனை இன்று பெர்கேசோ என்கிறோம். 2019 சனவரி முதல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. தவறு எவருடையது என்று இங்கே மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வேலையினால் நேர்ந்த விபத்து என்று காட்டினால் போதும்.

அதைக் காட்டுவதில்தான் நம்மவர் தவறிவிடுகின்றனர். மழை பெய்த காலையில், சரிவில் கொழுந்து வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிச் செல்லும் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார் எனக் கொள்வோம். "சுளுக்குத்தான்" என்று எண்ணெய் தடவிக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் கிடக்கிறார். மண்டோரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வலி தாளாமல் தானா ராத்தா மருத்துவமனைக்குச் செல்கிறார். எப்படி விழுந்தீர் என்று மருத்துவர் கேட்க, வேலைக்குக் கேடு வருமோ என்ற அச்சத்தில், "வீட்டில் விழுந்தேன்" என்கிறார். அச்சொல் மருத்துவக் குறிப்பில் ஏறிவிடுகிறது. பின்னர் அதை மாற்றப் பல மாதம் அலைய நேரும். மாற்ற முடியாமலே போகவும் கூடும்.

ஆகவே விழுந்த அன்றே மண்டோருக்கும் அலுவலகத்திற்கும் சொல்லுங்கள். உடனிருந்தவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் அறிந்த 48 மணி நேரத்திற்குள் பெர்கேசோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. எம்.சி. என்று நாம் சொல்லும் மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், அந்நாள்களுக்குச் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். கையில் நிலையான ஊனம் தங்கிவிட்டால் அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். தற்காலிக ஊனக் காலம் முடிந்த 12 மாதங்களுக்குள் அதைச் செய்வது முறை. மருத்துவ வாரியம் ஊனத்தின் அளவை முடிவு செய்யும். முடிவு நிறைவளிக்காவிட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

முதலாளியின் மீது வழக்கும் தொடுக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். சொக்சோ சட்டத்தின் 31ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது; முதலாளியிடம் வேலை செய்யும் பிறர் மீதும் தொடுக்க இயலாது. ஆனால் வேலைக்கு வரும் வழியில், தாப்பா சாலையின் வளைவொன்றில் வெளியாரின் லோரி மோதினால் நிலைமை வேறு. பெர்கேசோ உதவியும் உண்டு. அந்த ஓட்டுநர் மீது வழக்கும் உண்டு.

அவ்வழக்குத்தான் ஆண்டுக்கணக்கில் நீள்வது. போலீஸ் ஆவணங்கள் வர வேண்டும். இரு தரப்பு நிபுணர்களும் காயத்தைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். எவர் தவறு எவ்வளவு என்று வாதிட வேண்டும். இவற்றுக்கும் மேலாக, எலும்பு சேர்ந்து, கை எவ்வளவு மடங்குகிறது என்று தெரியாமல் தொகையைக் கணக்கிட முடியாது. இத்தாமதம் நம் நன்மைக்கே. காயம் ஆறுமுன் சிறு தொகையை நீட்டி, முழுத் தீர்வு என்று ஒப்பம் கேட்பவர் உண்டு. ஒப்பமிட்ட பின், கை மீண்டும் அறுவைக்குப் போனாலும் அவ்வழக்கைத் திறப்பது அரிது.

பொறுத்திருக்கலாம் என்பதற்காக உறங்கிவிடவும் கூடாது. காயமுற்றவர் வழக்குத் தொடுக்க விபத்து நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் உண்டு. அவர் இறந்துவிட்டால் குடும்பத்தார் தம் ஆதரவிழப்புக்காகத் தொடுக்கும் வழக்கிற்கு, இறந்த நாளிலிருந்து மூன்றே ஆண்டுகள்.