எல்லை தாண்டும் விலங்கும் எல்லையில் நிற்கும் சட்டமும்



பூவார், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களிலிருந்து வந்திருக்கும் நீங்கள் குதிரை அறுப்புச் சட்டங்களைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். குதிரை அறுக்காத ஊரில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மாநில எல்லையில் வாழ்பவர்களுக்கே இது எளிதில் விளங்கும் என்பது என் எண்ணம்.

குதிரை நமக்குக் கப்பலில் வந்த விலங்கு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கியதையும், அவற்றில் மிகச் சிலவே ஓராண்டு தாண்டியதையும் குறிப்பிடுகிறார். அவற்றை யாரும் அறுக்கவில்லை. பராமரிக்கத் தெரியாமல் சாகவிட்டார்கள். குதிரை வைத்தியர் இங்கே வந்துவிடாதபடி வணிகர்களும் பார்த்துக்கொண்டார்களாம். பழைய குதிரை செத்தால்தானே புதிய குதிரை விலைபோகும்!

இன்று இந்தியாவில் குதிரை இறைச்சிக்குச் சட்டத்தில் இடமில்லை. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இறைச்சிக்குரிய விலங்குகளாக ஆட்டினம், மாட்டினம், பன்றி, முயல் ஆகியவற்றைச் சொல்லி, கோழியினத்தையும் மீனையும் சேர்க்கின்றன. குதிரையும் கழுதையும் அந்தப் பட்டியலில் இல்லை.

அமெரிக்காவில் குதிரை அறுப்பு பெரும் சர்ச்சையாயிற்று. உழைத்த தோழனைக் கொல்வது துரோகம் என்றது ஒரு தரப்பு. கிழக் குதிரைக்குத் தீனி போட முடியாதவன் என்ன செய்வான் என்றது மறுதரப்பு. 2007இல் டெக்சாசிலும் இல்லினாயிலும் எஞ்சியிருந்த மூன்று குதிரை அறுப்புக்கூடங்களும் மூடப்பட்டன. ஆனால் 2010இல் ஏறத்தாழ 1,38,000 குதிரைகள் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் அறுப்புக்கு அனுப்பப்பட்டதாக அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2011இல் தெரிவித்தது. கூடங்கள் மூடப்படும் முன்பு அறுபட்டவையும் ஏறக்குறைய அதே அளவுதான். சாவு குறையவில்லை; சாவுக்கு முந்திய பயணம் மட்டும் நீண்டது.

விலங்கு எல்லை தாண்டிச் சாகப் போகும் இந்தக் கதை உங்களுக்குப் புதிதல்ல. 1956 நவம்பர் 1 அன்று மாநிலச் சீரமைப்பில் பக்கத்து வட்டமான விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்தோ நிரந்தரமாக முடங்கியோ வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்றளிக்கப்பட்ட மாடே அறுப்புக்குரியது. கேரளத்தில் பசுவதைத் தடைச் சட்டமே கிடையாது. உள்ளாட்சி விதிகளே உண்டு. எனவே தமிழ்நாட்டுச் சந்தையில் விலைபேசிய அடிமாடு எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி லாரியில் கேரளத்துக்கு வருகிறது.

2017 மே மாதம் ஒன்றிய அரசு கால்நடைச் சந்தை விதிகளைக் கொண்டுவந்தது. அறுப்புக்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்றதோடு, மாநில எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் சந்தையே கூடாது என்றும் சொன்னது. நம் பக்கத்து ஊர்களில் எது மிஞ்சியிருக்கும்? சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே மாதம் இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுமைக்கும் விரித்தது.

இத்தனை சச்சரவிலும் எவரும் தொடாத விதி ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன. குதிரைக்கும் நான்கிலிருந்து ஆறுதான் கணக்கு. பயணத்துக்குத் தகுதி உண்டென்ற மருத்துவச் சான்று வேண்டும். மீறி வதைத்தால்? 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. லாரிக்காரருக்கு அது டீச்செலவு.

என் முடிவு இதுதான். அறுப்பைத் தடுப்பது மட்டுமே கருணை ஆகாது. பந்தயத்திலும் கல்யாண ஊர்வலத்திலும் குதிரையால் சம்பாதித்தவர் அதன் முதுமைச் செலவையும் ஏற்கச் சட்டம் வேண்டும். அபராதம் உறைக்கும்படி உயர வேண்டும். எல்லைச் சோதனைச்சாவடியில் தண்ணீரும் நிழலும் மருத்துவரும் இருக்க வேண்டும். மாட்டிறைச்சி உண்பவரும் உண்ணாதவரும் அறுப்பைப் பற்றி என்றைக்கும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஏழாவது மாட்டை லாரியில் ஏற்றக் கூடாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கக் காரணமில்லை. இரு மாநிலங்களும் அந்த இடத்திலிருந்து பேசத் தொடங்கட்டும்.