"நாளை முதல் நடக்கிறேன், சிஸ்டர்"

(மருத்துவமனையைத் தாங்கும் நண்பர்களின் கூடுகையில் அளித்த செய்தி)



எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு இப்பொழுது இருபது, இருபத்தைந்து வயது வாலிபர்களும் வருகிறார்கள். தினமும் நடக்கச் சொன்னால், "நாளை முதல் நடக்கிறேன், சிஸ்டர்" என்கிறார்கள். அது பொய்யல்ல. கெத்செமனே தோட்டத்தில் தூங்கிப்போன சீஷர்களுக்கு விழித்திருக்க மனமில்லாமலா போயிற்று?

இதை மனோதத்துவ அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கையே செயலுக்கு ஆதாரம் என்று பண்டுரா 1977-ல் எழுதினார். அமெரிக்காவில் புரோச்சஸ்காவும் டிக்ளெமென்டியும், புகைப்பதை விட முயன்றவர்களைக் கவனித்து, மனமாற்றம் படிப்படியாக வருகிறது என்று 1983-ல் விளக்கினார்கள். பின்னர் உடற்பயிற்சிக்கும் அதைப் பொருத்திப் பார்த்தார்கள். வாழ்க்கையில் படிகள் அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. ஆனாலும், இன்னும் யோசிக்கவே தொடங்காதவரிடம் அட்டவணையை நீட்டுவது வீண் என்பதை அது நமக்குக் காட்டுகிறது.

எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது 2002-ல் வெளியான ஓர் ஆய்வு. மில்ன், ஆர்பெல், ஷீரன் என்பவர்கள் 248 கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு விசேஷமாக எதுவும் சொல்லவில்லை. மற்றொரு குழுவுக்கு, பயிற்சி செய்யாவிட்டால் இருதயத்துக்கு வரும் ஆபத்தை விளக்கினார்கள். மூன்றாம் குழு அதை வாசித்ததோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்வோம் என்றும் எழுதிவைத்தது. அடுத்த வாரம் ஒருமுறையாவது இருபது நிமிடம் பயிற்சி செய்தவர்கள் முதல் குழுவில் 38 சதவீதம், ஆபத்தை மட்டும் அறிந்தவர்களில் 35, எழுதிவைத்தவர்களிலோ 91! பயமுறுத்தியதால் ஆசை கூடியது, கால் நகரவில்லை. ஒரு வாரக் கணக்குதான். ஆனாலும் நாம் சாதாரணமாகக் கொடுக்கும் புத்திமதி எந்த வகை என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே எங்கள் சகோதரிகள் இப்போது ஒரு சிறு சீட்டைக் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள். "வேலை முடிந்து இரண்டு நிறுத்தம் முன்னதாகவே பஸ்ஸைவிட்டு இறங்குவேன்" என்று ஒரு தம்பி எழுதுவார். தெருவில் தனியே நடக்க வீட்டார் அனுமதிக்காத பெண்பிள்ளைகளுக்கு மொட்டைமாடியோ, உடன்வர ஒரு சிநேகிதியோ தேட வேண்டியிருக்கிறது. மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கிறோம்.

இதற்கு ஒருவரோடு கால்மணி நேரமாவது உட்கார வேண்டும். நண்பர்கள் சிலர் நடைப்பயிற்சி இயந்திரம் வாங்கித்தர அன்போடு முன்வந்தீர்கள். அதற்குப் பதிலாக ஆலோசனை தரும் சகோதரி ஒருவரின் சம்பளத்தைத் தாங்கும்படி உங்களைத் தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறோம்.