மூக்கில் விடும் தடுப்பு மருந்து



குழந்தைக்குச் சளி பிடித்தால் பெரியவர்கள் அதைப் பெரிதாகக் கருதுவதில்லை. ஆனால் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ் பச்சிளங் குழந்தையின் நுரையீரலுக்குள் இறங்கி, மூச்சையே திணறச் செய்ய வல்லது. 1956-இல் அமெரிக்காவில் சிம்பன்சிக் குரங்குகளிடம் அறியப்பட்ட இதனை, ராபர்ட் சானக் என்ற அறிஞர் விரைவிலேயே குழந்தைகளிடமும் கண்டார்.

வைரஸைக் கொன்று ஊசி வழியே செலுத்தும் முறை, போலியோ நோயில் முன்னரே வெற்றி கண்டிருந்தது. அம்முறையையே 1966-இல் இந்நோய்க்கும் கையாண்டனர். விளைவோ விபரீதமாயிற்று. ஒரு சோதனையில், ஊசி பெற்றபின் இவ்வைரஸ் தொற்றிய குழந்தைகளுள் நூற்றுக்கு 80 பேர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. அவ்வூசி பெறாதவருள் நூற்றுக்கு 5 பேரே. இரு குழந்தைகள் மாண்டன. காக்க வந்த மருந்தே நோயை முற்றச் செய்தது.

வேறொரு வழியையும் அறிஞர் ஆராய்ந்தனர். உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து, மூக்கில் துளிகளாக விடுவதே அது. இதனால் நோய் நுழையும் வாயிலிலேயே காவல் அமைகிறது. மூக்கின் உட்புறம் நுரையீரலைவிடக் குளிர்ந்தது. ஆதலால் குளிர்ச்சியில் மட்டும் செழிக்குமாறு மாற்றப்பட்ட வைரஸ் நுரையீரலில் பெருகாது. இன்ஃப்ளுயன்ஸாவுக்கு இத்தகைய மருந்து 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆர்.எஸ்.வி. மருந்தின் சோதனையோ படிப்படியாகவே நடைபெறுகிறது. முதலில் பெரியவர்கள், அடுத்து, அந்நோய் ஏற்கெனவே கண்ட சிறுவர்கள், இறுதியில்தான் அதனை அறியாத மழலைகள். சிலருக்கு மருந்தில்லாத வெறுந்துளிகளை விடுவர். யாருக்கு எது என்பதைப் பெற்றோரும் அறியார். குழந்தையைக் கவனிக்கும் மருத்துவரும் அறியார். மூக்கு நீரை எடுத்து, வைரஸ் எவ்வளவு பெருகியது, பழைய வலிமைக்குத் திரும்பியதா என்று ஆராய்வர். வலிமை மிகுந்தால் குழந்தைக்கு மூக்கடைப்பும் காய்ச்சலும் வரும். குறைந்தால் காப்பு உண்டாகாது. பின்னர் குளிர்காலம் முழுவதும் காத்திருந்து, மெய்யான நோய் தாக்கும்போது குழந்தை எவ்வாறு தாங்குகிறது என்று பார்ப்பர். உயிருள்ள மருந்து பெற்ற குழந்தைகளிடம் 1966-இன் விபரீதம் மீண்டும் காணப்படவில்லை.

கருவுற்ற தாய்க்குப் போடும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசி 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனினும் தாய் வழங்கும் காப்பு சில மாதங்களே நிலைக்கும். பின்னர் குழந்தை தன் காப்பைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். அதனாலேயே மூக்குத்துளி ஆய்வு இன்றியமையாததாகிறது.

இத்தனை தாமதம் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். சோதனைக்கு வரும் குழந்தை நோயாளியன்று, நலமுள்ள குழந்தை. அதற்குத் தீங்கு நேராதிருக்க எத்தனை ஆண்டுகள் தேவையோ, அத்தனையும் செலவிடத்தக்கவையே என்பது என் கருத்து.