கொழகொழக்கும் கற்றாழை

மாடியிலோ பால்கனியிலோ தொட்டியில் சோற்றுக்கற்றாழை வளர்க்கிறீர்களா? அதன் அடிமடலை இன்று விரலால் அழுத்திப் பாருங்கள். மடல் மெலிந்து சுருங்கியிருந்தால் செடிக்குத் தாகம். தண்ணீர் விட்டால் தேறிவிடும். நீர்கோத்து, நிறம் மங்கி, கொழகொழவென்று அமுங்கினால் பெரும்பாலும் வேர் அழுகுகிறது என்று பொருள். ஐயோ, வாடுகிறதே என்று பரிவோடு ஊற்றும் இன்னொரு குவளைதான் அதைக் கொல்கிறது.

தண்ணீரைப் போலவே காற்றும் வேருக்கு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் நீர் தேங்கினால் வேர் மூச்சுமுட்டிச் சாகும். பிறகு பூஞ்சை ஏறும்.

மடல் கொழகொழத்திருந்தால், செடியைப் பிடுங்கி மண்ணை உதறுங்கள். கறுத்து நாறும் வேர்களையும் குழைந்த மடல்களையும் சுத்தமான கத்தியால் நீக்குங்கள். உடனே நடவேண்டாம். வெட்டுவாய் காயும்வரை நாலைந்து நாள் நிழலில் கிடக்கட்டும். கற்றாழை அதைத் தாங்கும். பிறகு, அடியில் துளையுள்ள மண்தொட்டியில், மண்ணோடு பாதிக்குப் பாதி மணல் கலந்து நடுங்கள். ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் விட்டால் போதும். தண்டே குழைந்துவிட்டால் தாய்ச்செடி பிழைப்பது அரிது. பக்கக்கன்று நன்றாயிருந்தால் அதைப் பிரித்து வையுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறீர்களா? அதில் தேங்கிய நீரை இப்போதே கொட்டிவிடுங்கள்.