பிள்ளை தகவலை எவ்வாறு தேடுகிறது? ஆரம்ப வகுப்பு மாணவரின் தகவல் அறிதிறனை மதிப்பிடுதல்

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பத்து வயதுப் பிள்ளை ஒன்று கணினியின் முன் அமர்ந்து ஐந்து நிமிடத்தில் ஒரு கேள்விக்கு விடை கண்டுவிட்டால் பெற்றோர் பூரித்துப் போகின்றனர். வங்கிக் கடிதத்தையும் நகரசபைப் படிவத்தையும் அந்தப் பிள்ளையே வாசித்து விளக்குகின்ற வீடுகள் புலம்பெயர் நாடுகளில் ஏராளம். விரைவாகத் தேடுவது ஒரு திறன். கண்டதை நம்பலாமா என்று தீர்மானிப்பது வேறொரு திறன். முதலாவது கண்ணுக்குத் தெரியும்; இரண்டாவது, சோதித்துப் பார்த்தாலன்றித் தெரியாது. எது தேவை என்று உணர்தல், எங்கே தேடுவது என்று அறிதல், கண்டதை எடைபோடுதல், அதைச் சொந்தச் சொற்களில் நேர்மையாகப் பயன்படுத்துதல் ஆகிய யாவும் சேர்ந்ததையே கல்வியாளர் தகவல் அறிதிறன் என்கின்றனர்.

அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் மரத்தில் வாழும் ஒக்டோபஸ், அதாவது பேய்க்கணவாய், அழிந்து வருவதாகக் கூறும் இணையத்தளம் ஒன்று 1998 இல் உருவாக்கப்பட்டது. முழுவதும் கற்பனை. ஆனால் படங்களும் அறிவியற் பெயரும் பாதுகாப்பு வேண்டுகோளுமாகப் பார்வைக்கு மிக ஒழுங்கானது. நெதர்லாந்தில் 11, 12 வயதுடைய ஆரம்பப் பாடசாலை மாணவர் 27 பேரிடம் இத்தளம் காட்டப்பட்டது. அது பொய் என்று இனங்கண்டோர் இருவர் மட்டுமே என்று 2018 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. நன்கு வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளும் ஏமாந்தனர் என்பதே இங்கு கவனத்திற்குரியது.

அப்படியானால் எவ்வாறு மதிப்பிடுவது? 2004 முதல் 2019 வரை அமெரிக்காவின் கென்ற் மாநிலப் பல்கலைக்கழகம் இணையவழித் தேர்வுகளை இலவசமாக வழங்கியது. மூன்றாம் வகுப்பினருக்கான தேர்வும் அவற்றுள் இருந்தது. தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் முறை அது. ஒரு வகுப்பின் பொதுவான குறைகளை அறிய உதவும். எனினும், "நம்பகமான தளத்தின் அடையாளம் யாது?" என்ற வினாவுக்குச் சரியான விடையைத் தெரிவு செய்யும் பிள்ளை, உண்மையான தேடலில் அந்த அடையாளத்தைப் பார்க்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நீச்சல் பற்றிய வினாத்தாளில் நூறு புள்ளி பெற்றவரை எவரும் ஆற்றில் இறக்கிவிடுவதில்லை அல்லவா?

இதனினும் மேலான முயற்சி, 2016 இல் 14 நாடுகளில் நடத்தப்பட்ட 'ஈ-பேர்ல்ஸ்' மதிப்பீடு. பெரும்பாலும் நான்காம் வகுப்பு மாணவர் பங்குபற்றினர். நோர்வேயில் ஐந்தாம் வகுப்பினர். இணையத்தைப் போலவே அமைக்கப்பட்ட பக்கங்களில் பிள்ளை இணைப்புகளைத் தெரிந்தெடுத்து, பல பக்கங்களின் செய்திகளை ஒன்றுசேர்த்து விடையளிக்க வேண்டும். சிங்கப்பூர் 588 புள்ளிகளுடன் முதலிடத்தையும் நோர்வே 568 புள்ளிகளுடன் இரண்டாமிடத்தையும் பெற்றன. கனடாவும் டென்மார்க்கும் பங்குபற்றின. தமிழ்ப் பிள்ளைகள் பயிலும் நாடுகள் இவை. ஆயினும் அங்கே பக்கங்கள் யாவும் முன்கூட்டியே ஆயத்தம் செய்யப்பட்டவை. உண்மையான இணையத்தின் குப்பைக்கூளம் அதில் இல்லை.

மென்பொருள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. சரியான உள்ளீட்டுக்குச் சரியான விடை வந்துவிட்டது என்று எவரும் நிறைவடைவதில்லை. பிழையான உள்ளீட்டைக் கொடுத்து என்ன நிகழ்கிறது என்றும் பார்ப்பர். பிள்ளைகளுக்கும் பக்கத்துக்குப் பக்கம் விடை மாறும் கேள்வியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: யாழ்ப்பாணப் பொது நூலகம் எப்போது எரிக்கப்பட்டது, எத்தனை நூல்கள் அழிந்தன? 1981 மே 31 என்று சில பக்கங்கள் கூறும்; யூன் 1 என்று வேறு சில கூறும். 97,000 என்றும் 95,000 என்றும் எண்ணிக்கை வேறுபடும். முதலில் கண்டதை எழுதிவிட்டு எழுந்துபோகும் பிள்ளை ஒரு நிலை. வேறுபாட்டைக் கண்டு, "எது சரி?" என்று பெற்றோரைக் கேட்கும் பிள்ளை அடுத்த நிலை. இரண்டு எண்களையும் எழுதி, எந்த எண்ணை யார் எப்போது கூறினார் என்றும் குறிக்கும் பிள்ளை, பல பெரியவர்களையும் விஞ்சிவிட்டது. அந்தக் கேள்வியைத் துடுக்குத்தனம் என்று அடக்கிவிடும் வீடுகளும் உண்டு. நாளை வகுப்பறையில் வேற்றினத்து மாணவன் ஒருவன் ஆதாரம் கேட்கும்போது, "அப்பா சொன்னார்" என்பதற்கு மேல் அப்பிள்ளையிடம் எதுவும் இராது.

இங்கே தமிழ்ப் பாடசாலைகள் ஒரு தவறைத் தவிர்க்க வேண்டும். ஒஸ்லோவில் வளரும் பிள்ளைக்கு நோர்வேஜிய மொழி வாசிப்பு எளிது, தமிழ் வாசிப்பு கடினம். தமிழ்ப் பக்கத்தை மட்டும் கொடுத்துச் சோதித்தால் அளக்கப்படுவது தமிழறிவே. ஆகவே மதிப்பீட்டைப் பிள்ளைக்கு வலுவான மொழியில் நடத்துவதே நேர்மை. அதன் பின்னர், அதே செய்தியைத் தமிழ் விக்கிப்பீடியாவிலும் பார்த்து ஒப்பிடச் செய்யலாம். இரு மொழியில் ஒப்பிட முடிவது இப்பிள்ளைகளுக்குக் கிடைத்துள்ள பெரும் வாய்ப்பு, வீணாகப் போகிறது.

நடைமுறை எளியது. அரை மணி நேரம், ஒரு கேள்வி, அருகில் பேசாமல் அமர்ந்திருக்கும் ஒரு பெரியவர். (பேசாமல் இருப்பதுதான் பெற்றோருக்குக் கடினம்.) எந்தச் சொற்களை இட்டுத் தேடியது, எத்தனை பக்கங்களைத் திறந்தது, தேடுபொறியின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்கத்தோடு நின்றுவிட்டதா, எழுதியவர் யார் என்று பார்த்ததா, படியெடுத்ததா, தன் சொற்களில் எழுதியதா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். புள்ளிகள் வேண்டாம், "தானாகச் செய்தது", "கேட்டபின் செய்தது", "இன்னும் செய்யவில்லை" என்ற மூன்று குறிப்புகளே போதும். இறுதியில், "இதை ஏன் நம்பினாய்?" என்று ஒரேயொரு கேள்வி. ஆறு மாதங்களின் பின் வேறொரு கேள்வியுடன் இதையே மீண்டும் செய்து, இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதல் தாளில் "இன்னும் செய்யவில்லை" என்றிருந்தவற்றுள் எவை நகர்ந்துள்ளன என்பது அப்போது தெரியும். அடுத்த தவணைக்கு, பனைமரம் எத்தனை ஆண்டுகள் வாழும் என்ற கேள்வியைத் தமிழ்ப் பாடசாலைகள் எடுத்துக்கொள்ளலாம்.