‘பார்மட்’ போடுவதற்கு முன்னால்...



“அண்ணே, கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு.”

“பார்மட் போட்டா சரியாப் போயிடும். வெச்சிட்டுப் போங்க தம்பி.”

பல கடைகளில் பேச்சு இத்துடன் முடிந்துவிடுகிறது. மறுநாள் கணினி புதிதுபோல் வேகமாகத் திரும்பி வருகிறது. அதிலிருந்த அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் திரும்பி வருவதில்லை.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இந்த இழப்புக்குத் தனி எடை உண்டு. போ தேயிலை நிறுவனம் 1929-இல் தொடங்கப்பட்டது. அந்தக் காலம் முதல் தோட்டத்தில் வாழ்ந்த பல குடும்பங்களின் வரலாறு புத்தகமாக எழுதி வைக்கப்படவில்லை. பாட்டி முதுகில் கூடையோடு நிற்கும் ஒரு படம், லயத்து வாசலில் எடுத்த ஒரு கல்யாணப் படம், ஒரு பழைய பிறப்புப் பத்திரம், இவைதாம் அந்த வரலாறு. மலையின் குளிரும் ஈரமும் தேயிலைக்கு நல்லவை, புகைப்படத்துக்கு ஆகாதவை. ஆல்பத்தில் பூஞ்சை பிடிக்கிறது, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. படித்த பிள்ளை ஒருவர் அவற்றை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றி வைத்திருப்பார். சில ஆண்டுகளில் காகிதப் படம் அழிந்துவிடும். அப்போது கணினியில் இருப்பது நகல் அல்ல, அதுவே அசல்.

கணினி ஏன் மெதுவாகிறது? இடம் நிரம்பியிருக்கலாம். இயக்கியவுடன் பத்துப் பதினைந்து மென்பொருள்கள் தாமாகவே எழுந்துகொள்ளலாம். நினைவகம் போதாமல் இருக்கலாம். இவை எல்லாம் சின்ன விஷயங்கள். கவலைப்பட வேண்டிய காரணம் வேறு: வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், பழுதாகத் தொடங்கியிருக்கலாம். தட்டில் ஒரு பகுதி கெட்டுவிட்டால் கணினி அதைப் படிக்க மீண்டும் மீண்டும் முயல்கிறது. அந்த முயற்சிதான் வெளியே ‘ஸ்லோ’ என்று தெரிகிறது. இது தெரியாமல் முதல் வேலையாக முழு வைரஸ் சோதனை, துப்புரவு மென்பொருள், ‘டிஃப்ராக்’ என்று ஓட்டுகிறார்கள். சாகக் கிடக்கும் தட்டை மலையேறச் சொல்வது போன்றது இது.

ஆகவே முதலில் நகல், பிறகுதான் வைத்தியம். தட்டிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் நகலெடுக்கும் முயற்சியும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சேதம் கூடலாம்.

எதை நகலெடுப்பது? ஆவணங்கள், படங்கள் ஆகிய கோப்புறைகள் எல்லாருக்கும் நினைவில் வரும். திரை முகப்பில் கிடப்பவை, ‘டவுன்லோட்ஸ்’, பிள்ளைகள் தனிக் கணக்கில் வைத்திருப்பவை ஆகியன மறந்துபோகும். தமிழர் வீடுகளில் மறந்துபோகிற இன்னொன்று உண்டு. அது எழுத்துரு.

1990-களிலும் 2000-களிலும் மலேசியாவில் தமிழில் தட்டெழுதியவர்களுக்கு முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’ நன்கு தெரியும். யூனிகோட் பரவுவதற்கு முன்பு தமிழுக்குப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டில் டாம், டாப் என்ற இரண்டு தரங்கள் வகுக்கப்பட்டன. டிஸ்கி என்ற முறையும் புழங்கியது. அந்தக் கோப்புகளில் தமிழ் தமிழாகப் பதியவில்லை. கணினிக்கு அவை வேறு ஏதோ குறிகள். எழுத்துரு ஒன்றுதான் அந்தக் குறிகளுக்குத் தமிழ் வடிவம் கொடுத்தது. கோப்பைக் காப்பாற்றி எழுத்துருவைத் தொலைத்தால், கோயில் திருவிழாக் கணக்கும் இளைஞர் மன்றக் குறிப்பும் தமிழ்ப்பள்ளி நாடகமும் புரியாத கிறுக்கலாக நிற்கும்.

விண்டோஸைப் புதுப்பிக்கும்போது ‘என் கோப்புகளை வைத்திரு’ என்று ஒரு வழி உண்டு. அதை நம்பி ஏமாறுகிறவர்கள் பலர். கோப்புகள் இருக்கும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். பழைய தமிழ் மென்பொருளும் அதன் எழுத்துருக்களும் அவற்றில் அடக்கம். எனவே விண்டோஸின் ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையிலிருந்து தமிழ் எழுத்துருக்களைத் தனியே நகலெடுங்கள். கணினி உயிரோடு இருக்கும்போதே முக்கியமான ஆவணங்களைத் திறந்து பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். எழுத்தின் வடிவம் பெரும்பாலும் அதனுள்ளேயே தங்கிவிடும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. அந்த வேலையைப் பிறகு ஆற அமரச் செய்யலாம்.

நகலெடுத்தால் மட்டும் போதாது, திறந்தும் பார்க்க வேண்டும். 1998-இல் ‘டாய் ஸ்டோரி 2’ படம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ தவறான கட்டளை கொடுக்க, படத்தின் பெரும்பகுதிக் கோப்புகள் பிக்சார் நிறுவனத்துக் கணினிகளிலிருந்து அழிந்தன. காப்பு நகலைத் தேடினால் அதுவும் சரியாக வேலை செய்யவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. படம் பிழைத்தது அதனால்தான். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை! நகலை வேறொரு கணினியில் செருகி, பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள்.

எங்கே வைப்பது? வெளி வன்தட்டில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் விடியற்காலையில் ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கு வீடுகளுக்குள் புகுந்ததையும், உயிர்கள் பலியானதையும் கேமரன் மலை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கணினியும் நகலும் ஒரே அலமாரியில் இருந்தால் வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் அக்காள் வீட்டுக்குத் தீபாவளிக்குப் போகும்போது ஒரு நகலைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இணைய மேகத்தில் வைப்பதும் நல்லதே. மலையில் அலைவரிசை மெலிந்த இடங்களில் ஆயிரக்கணக்கான படங்களை ஏற்றப் பல இரவுகள் ஆகும். அந்தக் காலத்து சிடிகளில் இருப்பதையும் இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். சிடியின் சாயம் என்றைக்கும் நிலைப்பதல்ல.

இத்தனையும் முடிந்த பிறகு வைத்தியத்தைத் தொடங்கலாம். பழைய கணினிக்குக் கைமேல் பலன் தருவது வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துவது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எல்லாப் பழைய கணினிகளையும் ஏற்பதில்லை. காசு செலவழிக்கும் முன் அதைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய தட்டைக் கடையில் விட்டுவிட வேண்டாம். கேட்டு வாங்கி, தேதி எழுதி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு ஒரு மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள்.